மாதர் சங்கக் காணியில் மண்டபம் கட்ட முன்வரும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எங்கள் ஊர்களின் பெயரால் இயங்கும் சங்கங்களின் நிர்வாகத்தினருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கத்தில் நீண்ட காலம் செயலாளராக இருந்தவள் நான். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது இரண்டு தரப்பாரின் வழக்காகிவிடும். எங்கள் ஊரில் இப்போது நடப்பது பக்கத்து ஊர்களிலும் நடக்கத் தொடங்கியிருக்கிறது, அதனால் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் ஒன்று எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தை இடித்து, அதே காணியில் மேல்மாடியுடன் பொதுநோக்கு மண்டபம் கட்டித் தர முன்வந்திருக்கிறது. வரைபடமும் வந்துவிட்டது. கலியாணம் செய்யலாம், பூப்புனித நீராட்டு விழா செய்யலாம், வாகனம் நிறுத்த இடமிருக்கும், முகப்பில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் இருக்கும். மண்டபத்தை நடத்த ஒரு குழு, அந்தக் குழுவில் மாதர் சங்கத்துக்கு ஓர் இடம். கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஓர் அறை. எல்லாம் முடிவான பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். எங்கள் எண்ணத்தைக் கேட்க வரவில்லை, கையெழுத்து வாங்க வந்தார்கள்.

உங்கள் மனதில் கள்ளமில்லை என்பது எனக்குத் தெரியும். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாமல், பொருளாதாரத் தடைக்குள், ஜாம் போத்தலில் திரி போட்டுச் சிக்கன விளக்கு எரித்த காலத்தில் வங்கி வழியல்லாமல் உண்டியல் முறையில் நீங்கள் அனுப்பிய காசில்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போய், பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்றபோதும் உங்கள் உலர் உணவுப் பொதிகள்தான் வந்தன. அதை மறந்துவிட்டு இந்த மடலை எழுதவில்லை. ஆனால் நீங்கள் ஊரை விட்டுப் போன காலத்தில் மாதர் சங்கம் என்றால் தையல் வகுப்பும் ஆண்டு விழாவில் கும்மியும்தான். அந்த நினைவை வைத்துக்கொண்டே இன்றைக்கும் அதை அளக்கிறீர்கள். எனவே அது எங்கிருந்து வந்தது, என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கதையை நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். உங்களில் பலர் கனடாவின் ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளில் இருக்கிறீர்கள். அங்கிருந்து ஹமில்ரன் பக்கம் காரில் போனால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் ஸ்ரோனி கிறீக் என்ற இடம் இருக்கிறது. அடிலெய்ட் ஹூட்லஸ் என்ற பெண் அந்தப் பகுதியில் வாழ்ந்தவர். 1889இல் அவருடைய கைக்குழந்தை கெட்டுப்போன பாலைக் குடித்ததால் இறந்தது. பாலை எப்படிப் பாதுகாப்பது என்று தனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்ற துயரம் அவரை விடவில்லை. வீட்டுப் பராமரிப்பும் சுகாதாரமும் பெண்பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1897 பெப்ரவரியில் அந்தப் பகுதி விவசாயிகள் சங்கம் பெண்களையும் அழைத்த ஒரு கூட்டத்தில் பேசும்போது, ஆண்களுக்குச் சங்கம் இருப்பதுபோல் உங்களுக்கும் ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டார். அடுத்த கிழமையே, பெப்ரவரி 19ஆம் திகதி, 101 பெண்கள் கூடினார்கள். கூட இருந்த ஒரே ஆண் ஏர்லண்ட் லீ என்ற விவசாயி. அவருடைய மனைவி ஜனற் லீ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்தச் சங்கத்தின் யாப்பை எழுதினார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். பிள்ளைகளை நயாகராவுக்குக் கூட்டிப் போகும் வழியில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கிராமத்துப் பெண்களின் சங்கம் என்ற அமைப்பு அங்கிருந்து கனடா முழுவதும் பரவியது. 1915இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேல்சுக்குப் போய்ப் பிரித்தானியாவிலும் வேர் விட்டது.

எங்கள் தீவுக்கு அதைக் கொண்டுவந்தவரும் கனடாவின் அதே ஒன்ராறியோ மாகாணத்துக்காரிதான். மேரி இரட்ணம் ரொறன்ரோவில் மருத்துவம் படித்தவர். 1896இல் இங்கே வந்து, ஒரு தமிழரை மணந்து, இந்த நாட்டிலேயே வாழ்ந்தார். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தொடங்கிய அமைப்பில் முன்னின்றவர்களில் ஒருவர். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்ததில் அந்தப் பெண்களுக்குப் பங்குண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தின் தொகுதிகளில் அந்த முதல் தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது. தென்னிலங்கைப் பெண்கள் வாக்களித்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 1934இல்தான் எங்கள் பாட்டிமார் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு வாக்களித்தார்கள். ஆண்கள் எடுத்த அரசியல் முடிவு ஒன்றுக்காகப் பெண்களின் புத்தம்புது உரிமை காத்திருக்க வேண்டி வந்ததை நாங்கள் எந்த மேடையிலும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

மேரி இரட்ணம் 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். கனடாவில் கண்ட அமைப்பையே இங்கத்தைய கிராமங்களுக்கு ஏற்றபடி மாற்றினார். பெண்கள் மாதமொருமுறை கூடுவது, சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, கைப்பணி, வீட்டுத்தோட்டம் பழகுவது, தங்கள் கணக்கைத் தாங்களே எழுதுவது என்று அது நடந்தது. 1958இல் அவருக்கு, ஆசியாவில் பொதுச்சேவைக்கு வழங்கப்படும் மக்சேசே விருது கிடைத்தது. அந்தச் சமித்திகள் பெரும்பாலும் தெற்கில்தான் வளர்ந்தன. வடக்கிலும் கிழக்கிலும் வேரூன்றியவை சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கத்தின் கிராம அபிவிருத்தித் திட்டத்தின் வழியாக வந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள். இந்த நீளப் பெயர் இறப்பர் முத்திரையில் மட்டும் இருக்கும். ஊருக்கு அது மாதர் சங்கம்தான்.

எங்கள் சங்கம் 1950களில் தொடங்கியது. இப்போது பேச்சாகியிருக்கும் காணியைக் கொடுத்தவர் ஒரு பெண். அது அவருடைய சீதனக் காணி. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை இன்னொருவருக்குக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எனவே அந்த நன்கொடை உறுதிப் பத்திரத்தில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் கணவரின் சம்மதமும் இருக்கிறது. தன் சொந்தக் காணியைப் பெண்களுக்குக் கொடுக்க ஒரு பெண் ஓர் ஆணிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அவர் வாங்கிக் கொடுத்தார். உறுதியில் ‘மாதர் சங்கத்தின் உபயோகத்துக்கு’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. இன்று அதே காணியை எடுப்பதற்கு அதன் உரிமைக்காரப் பெண்களின் சம்மதம் கடைசியில் பெறப்படும் ஒரு சம்பிரதாயமாகிவிட்டது.

முதலில் கிடுகுக் கொட்டில். பிறகு கல் அறுத்து, சீமெந்து வாங்கி, சிரமதானத்தில் எழுந்த ஒரு மண்டபமும் சின்ன அறையும். தையல், பன்னவேலை, நெல்லிரசம், பழப்பாகு, ஊறுகாய். ஆண்டு முடிவில் கண்காட்சி. பெண்கள் கடகமும் பெட்டியும் பின்னுவதைப் பார்த்து ‘பொழுதுபோக்கு’ என்றவர்கள் இருந்தார்கள். அந்தப் பொழுதுபோக்கில் பள்ளிக்கூடப் புத்தகமும் கொப்பியும் வாங்கிய தாய்மாரை எனக்குத் தெரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சங்கம் ஊர் முழுவதுக்குமானதாக இருக்கவில்லை. சில குறிச்சிகளின் பெண்கள் அங்கத்தவர்களாகச் சேர்க்கப்படவில்லை. சேர்த்துக்கொண்ட பிறகும் அவர்கள் பாயில் இருந்தார்கள், மற்றவர்கள் கதிரையில் இருந்தார்கள். தேநீர்க் கோப்பையும் வேறு. அதனால் அவர்கள் தங்களுக்கென்று இன்னொரு சங்கம் பதிந்தார்கள். இன்றைக்கும் எங்கள் கிராம அலுவலர் பிரிவில் இரண்டு மாதர் சங்கங்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான், சனத்தொகை அல்ல. உங்கள் வரைபடம் முதற்சங்கத்தின் காணியைப் பற்றி மட்டும் பேசுகிறது. மற்றச் சங்கத்திடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. ஊருக்கு மண்டபம் என்கிறீர்கள், ஆனால் ஊரின் பாதிக்கு அதில் கதிரை உண்டா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கிவர, வலிகாமம் வெறுமையானது. மழைக்குள் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சிக்கு நடந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாத அந்த இரவில் எங்கள் அன்றைய பொருளாளர் தன் வீட்டுக் காணி உறுதியோடு சங்கத்தின் உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போனார். கூட்ட அறிக்கைப் புத்தகங்கள் அலுமாரியிலேயே போயின. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சீலையால் மறைத்துப் பிரித்த இடங்களில், யார் வீட்டுப் பெண் எந்தக் குறிச்சி என்று பார்க்க முடியாத நெருக்கத்தில், பெரிய கிடாரத்தில் எல்லாருமாகக் கஞ்சி காய்ச்சினார்கள். 1996 சித்திரையில் திரும்பி வந்தபோது ஓடுகளும் கதவுகளும் யன்னல்களும் தையல் இயந்திரங்களும் இல்லை. சுவர் மட்டும் இருந்தது. உறுதியும் இருந்தது. அந்தக் கஞ்சிக் கிடாரத்துக்குப் பிறகு பாயும் கதிரையும் பழையபடி திரும்பவில்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன். முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

போர் முடிந்த பிறகு சங்கம் செய்த வேலைகளில் பெரியது சுழற்சி நிதி. மீள்குடியேற்றக் காலத்தில் தொண்டு நிறுவனம் ஒன்று சங்கத்துக்கு ஒரு முதல் தொகையைக் கொடுத்துவிட்டுப் போனது. அது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

அங்கத்தவர் ஒருவர் கோழி வளர்க்கவோ, மா இடிக்கும் இயந்திரம் வாங்கவோ, வெண்காய நடுகைக்கோ கடன் கேட்பார். கேட்பது மாதக் கூட்டத்தில், எல்லார் முன்னிலும். அவரோடு சேர்ந்த இன்னும் நாலு பேர் பொறுப்பு நிற்பார்கள். நூற்றுக்கு ஒரு ரூபா மாத வட்டி. அந்த வட்டியும் நிதிக்கே திரும்பும். ஒருவர் கட்டி முடிக்க அடுத்தவருக்குப் போகும். யாருடைய வீட்டில் சாவு விழுந்தது, யாருடைய தோட்டத்தில் மழைவெள்ளம் நின்றது என்பது கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், அதனால் தவணையைத் தள்ளிப்போடுவதற்கு விண்ணப்பப் படிவம் வேண்டியதில்லை. அதேபோல் கையில் காசிருந்தும் கட்டாமல் இழுப்பவரையும் எல்லாருக்கும் தெரியும். சண்டை வரும். கணக்கில் பத்து ரூபா இடித்தால் இரவு எட்டு மணி வரை இருந்து தேடுவோம். வங்கியில் காசெடுக்கத் தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரின் கையெழுத்தும் வேண்டும். ஆண்டுதோறும் கணக்காய்வு உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண்கள் ஐந்தொகை வாசிக்கப் பழகியது இந்த மண்டபத்துக்குள்தான்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து சில ஆண்டுகளில் நுண்நிதிக் கம்பனிகள் கிராமங்களுக்குள் வந்தன. வீட்டு வாசலில் காசு, கிழமைக்குக் கிழமை அறவீடு. பெண்களைக் குழுவாகச் சேர்ப்பார்கள், ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். முதற்கம்பனிக்குக் கட்ட இரண்டாவதிடம், அதற்குக் கட்ட மூன்றாவதிடம் என்று எடுத்து, கடைசியில் தாலிக்கொடி அடைவுக்குப் போகும். அறவிட வருபவன் வாசலில் இருந்துகொண்டு பொழுதுபட்டாலும் எழும்ப மாட்டான். உயிரை மாய்த்துக்கொண்ட பெண்கள் உண்டு. பேச்சு நாடெங்கும் போய், 2018இல் அரசாங்கம் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, கட்ட முடியாமல் நிலுவையில் கிடந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்தது. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மன்னாரும் வவுனியாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. வடக்கின் ஐந்து மாவட்டங்களும்!

அந்த நாட்களில் எங்கள் பெண்கள் வந்து அழுதது இந்த மண்டபத்தில்தான். வீட்டில் சொல்ல முடியாது. கோயிலில் சொல்ல முடியாது. சனசமூக நிலையத்தில் ஆண்கள் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை கம்பனி, எவ்வளவு, யார் பிணை என்று ஒருவர் சொல்லத் தொடங்க, பக்கத்திலிருப்பவரும் சொன்னார், பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினோம். யாருடையதைச் சுழற்சி நிதியால் அடைக்கலாம், யாருக்குப் பிரதேச செயலகத்தில் முறையிடலாம், யாருடைய வீட்டுக்கு அறவீட்டு நாளில் நாலு பேராகப் போய் இருக்கலாம் என்று அங்கேயே தீர்மானித்தோம். எல்லாரையும் காப்பாற்றவில்லை. சிலர் கடனோடு கொழும்புக்கும், சிலர் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்கும் போனார்கள். ஆனால் தன் கடன் தன் வெட்கம் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்த பெண் வெளியே வந்து தொகையைச் சத்தமாகச் சொல்ல ஓர் இடம் இருந்தது. கலியாண வீட்டுக்கு வாடகைக்கு விட்ட மண்டபத்தின் கீழ்த்தள அறையில், மேலே மேளம் அடிக்கும்போது, அந்தக் கூட்டம் நடக்காது.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். எங்கள் ஊரில் கோயிலுக்குப் பரிபாலன சபை உண்டு, விளையாட்டுக் கழகம் உண்டு, சனசமூக நிலையம் உண்டு, கமக்காரர் அமைப்பு உண்டு. எல்லாவற்றிலும் முடிவெடுப்பது ஆண்கள். ஒரு பெண் யாருடைய அனுமதியும் கேட்காமல் போய் உட்காரக்கூடிய, திறப்பு தன் கையில் இருக்கும் பொது இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். நீங்கள் இடிக்கச் சொல்வது அதை.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாகப் பெண்களுக்கு நூற்றுக்கு 25 வீத ஒதுக்கீடு வந்தது. அதுவரை நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதமும் இல்லை. பட்டியலில் போடப் பெண்களைத் தேடிக் கட்சிக்காரர் எல்லாரும் எங்கே வந்தார்கள் தெரியுமா? மாதர் சங்கங்களுக்குத்தான். கூட்டத்தில் எழும்பிப் பேசத் தெரிந்த, தீர்மானம் எழுதத் தெரிந்த, கணக்குக் கேட்கத் தெரிந்த பெண்கள் வேறெங்கே இருந்தார்கள்? பிரதேச சபைக்குப் போனவர்களில் சிலரின் வாயைக் கட்சிகளே கட்டிவைத்தன என்பது வேறு கதை. ஆனாலும் வடிகால் எங்கே அடைத்திருக்கிறது, எந்த ஒழுங்கையில் விளக்கு இல்லை என்று சபையில் ஆதாரத்தோடு பேசியவர்கள் இந்த மண்டபங்களில் பழகிய பெண்கள்.

இனி அன்றாடம். காலையில் மண்டபத்தில் முன்பள்ளி. ஆசிரியைகள் இருவர். பெற்றோர் கொடுக்கும் சிறு தொகையும் மாகாணத்திலிருந்து வரும் சொற்பக் கொடுப்பனவும்தான் அவர்களின் சம்பளம். பஸ்ஸுக்கும் ஒரு சீலைக்கும் போதாத சம்பளத்தில் அவர்கள் பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்குகிறார்கள். மாதமொருநாள் மருத்துவமாது வந்து குழந்தைகளை நிறுக்கிறார். 2022இல் அரசாங்கம் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சங்கப் பெண்கள் அரிசி, பயறு, உழுந்து, கடலை வறுத்துத் திரித்துச் சத்துமா செய்து, நிறை குறைந்த பிள்ளைகளின் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். பகலில் சின்ன அறையில் தையல் பயிற்சி. ஓராண்டுப் பயிற்சி முடித்த பிள்ளைகள் ஊரின் பள்ளிச் சீருடைகளைத் தைக்கிறார்கள். அரிசிமாவும் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பொதி செய்து விற்கிறோம். நீங்கள் கோடை விடுமுறையில் வந்து போகும்போது பயணப் பெட்டியில் வைக்கும் தூள் பைகளில் பல எங்கள் பெண்கள் இடித்து வறுத்தவை.

இதற்கெல்லாம் என்ன தேவை என்று நீங்கள் எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். கூரை ஓடு மாற்ற வேண்டும், மாரியில் ஒழுகுகிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒழுங்கான மலசலகூடம் இரண்டு வேண்டும். கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு வேண்டும், பிள்ளைகள் ஓடித் திரியும் வளவு. மாத் திரிக்கும் இயந்திரத்துக்கு மூன்று கட்ட மின்னிணைப்பு வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தாலும் உங்கள் மண்டபத்தின் மேல்மாடிப் படிக்கட்டுச் செலவுக்கு அருகில் வராது. உண்மையில் எங்களுக்கு முட்டாயிருப்பது கட்டடம் அல்ல, ஆசிரியைகளின் சம்பளம். ஓர் ஊர்ச் சங்கம் பத்து ஆண்டுகளுக்கு இரண்டு முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மாதாமாதம் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டால், அதைத் திறந்துவைக்க நாடா வெட்ட முடியாது, கல்லில் பெயர் பொறிக்க முடியாது. அதனால்தான் அப்படியொரு உதவி வருவதேயில்லை என்று எனக்குப் படுகிறது. இதை மனவருத்தத்தோடு எழுதுகிறேன். நீங்கள் காசு சேர்க்க விருந்து வைக்க வேண்டும், விருந்தில் படம் காட்ட வேண்டும், படத்தில் கட்டடம் நல்லாய்த் தெரியும் என்பதும் எனக்கு விளங்குகிறது. பிள்ளைகளின் நிறை கூடிய அட்டையையும் படம் எடுத்து அனுப்பலாம். நாங்கள் அனுப்புவோம்.

உங்கள் சங்கங்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். ஒன்றுகூடலில் சமையலும் கலைநிகழ்ச்சியும் அவர்கள் பொறுப்பு என்று கேள்விப்படுகிறேன். நிர்வாகத்தில் எத்தனை பேர், இந்த மண்டபத் திட்டத்தை விவாதித்த கூட்டத்தில் எத்தனை பேர் பேசினார்கள் என்று தயவுசெய்து பாருங்கள். அந்தப் பெண்களோடு எங்கள் பெண்கள் நேரடியாகப் பேச விரும்புகிறார்கள். வட்ஸ்அப்பில் ஒரு மாலை போதும். அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் தையல் படித்தவர்கள். எந்த யன்னலால் வெயில் வரும், எந்தத் தூணில் சாய்ந்திருந்து கதைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கலியாண மண்டபம் ஊருக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாண நகரத்து மண்டபங்களின் வாடகை ஏழைக் குடும்பத்துக்குக் கட்டாது, அது உண்மை. அதற்குக் கோயில் வடக்கு வீதியில் வெறுங்காணி இருக்கிறது, பழைய கூட்டுறவுச் சங்கக்கடை வளவும் பற்றை பிடித்துக் கிடக்கிறது. அவற்றைக் கேட்காமல் மாதர் சங்கக் காணிக்கு ஏன் வந்தீர்கள்? கேட்டால் மறுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், இங்கே இருக்க மாட்டார்கள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் தவறாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் கேட்பது: வரைபடத்தை நிறுத்தி வையுங்கள். இரண்டு மாதர் சங்கங்களும் சேர்ந்து ஒரு பொதுக்கூட்டம் வைக்கிறோம். அதில் உங்கள் பிரதிநிதி வந்து திட்டத்தை முழுதாக, செலவு விபரத்தோடு சொல்லட்டும். கேள்வி கேட்போம், பதில் சொல்லுங்கள். பிறகு அங்கத்தவர்கள் வாக்களிப்பார்கள், கை உயர்த்தி அல்ல, சீட்டில் எழுதி. வீட்டில் கணவரோ மகனோ மண்டபத்துக்கு ஆதரவாக இருக்கும் பெண்களும் பயமில்லாமல் தங்கள் எண்ணத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதைக் கேட்கிறோம். பெரும்பான்மை இடிக்கச் சொன்னால் நானே முதலில் திறப்பைக் கையளிப்பேன். இடிக்க வேண்டாம் என்றால், நீங்கள் அந்த முடிவை உங்கள் பொதுச்சபையில் வாசிக்க வேண்டும். அதற்காகக் கோபித்துக்கொண்டு முன்பள்ளிக்கு வரும் கொஞ்ச உதவியையும் நிறுத்தக்கூடாது. இப்படி ஒரு பயம் இங்கே சிலருக்கு இருக்கிறது, அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

எதுவானாலும், நிர்வாகக் குழுவில் ஓர் இடம் என்ற ஏற்பாட்டை நாங்கள் ஏற்கப் போவதில்லை. காணி எங்களுடையது. அதில் எது எழுந்தாலும் அதன் திறப்பும் கணக்கும் மாதர் சங்கத்திடம் இருக்க வேண்டும். உங்கள் ஆலோசனைக்கு நாங்கள் இரண்டு இடம் தருவோம்.

பொதுக்கூட்டத்தைப் பங்குனி மாதத்தில், முன்பள்ளிக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வைக்க யோசிக்கிறோம். கனடாவில் அது விடியற்காலை என்பதால் இணைய வழியில் சேருபவர்களுக்கு வசதிப்படாவிட்டால் நேரத்தை மாற்றலாம். உங்கள் பதிலைச் சங்கத்தின் பெயருக்கே அனுப்புங்கள், தனி ஆட்களின் பெயருக்கு வேண்டாம். வந்ததும் இரண்டு சங்கங்களின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டி, கூட்டத்தில் முதலாவதாக வாசிப்போம்.

நன்றியுடனும் உரிமையுடனும்,

முன்னாள் செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.